மகாதேவனுக்கு அஞ்சு மார்க்

தாராவி
10 ஜூன் 2024
பொருள்: நானே எழுதுவது

அன்புள்ள இசக்கிக்கு,

உன் வீட்டுக்காரன் அய்யாத்துரை தன் கையால் எழுதுவது. நான் சுகம். முட்டுவலி இருக்கிறது, அது இல்லாத நாள் எது. நீயும் பிரபாவும் மாப்பிள்ளையும் இரண்டு குட்டிகளும் சுகமா? பிள்ளை பெற்ற உடம்பு, பிரபாவுக்குப் பூண்டு வதக்கிக் கொடுக்கிறாயா?

இந்த நாலு வரிக்கு ஒரு காலைப்பொழுது போய்விட்டது. நடுவில் எல்லாம் மறைந்தும் போனது. ஆதித்யன் வந்து ஏதோ ஒரு கட்டையை அமுக்கினான், திரும்ப வந்தது.

நீ போனில் பேசினால் எனக்குக் கொசு பாடுகிற மாதிரி இருக்கிறது. நம் மாவு மெஷின் அரிசியோடு சேர்த்து என் காதையும் அரைத்துவிட்டது. வீடியோவில் நீ வாயை அசைக்கிறாய், நான் கையை ஆட்டுகிறேன். இது என்ன பிழைப்பு என்றுதான், நீ ரயில் ஏறிய மறுநாளே லேபர் கேம்ப் பள்ளிக்கூடத்தில் முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். ஷரீஃபுன்னிசா டீச்சருக்குப் பொறுமை அதிகம். 'ஞ' எனக்கு வரவே இல்லை. கையைப் பிடித்து எழுத வைத்தார்கள், வந்துவிட்டது. இப்போது பஸ்ஸில் போனால் எல்லாப் பலகையும் என்னிடம் பேசுகிறது.

ஆதித்யன் கடைப் பெயரில் நம் வீட்டில் எல்லோருக்கும் ஒரு மெயில் விலாசம் கொடுத்திருக்கிறான் அல்லவா, என்னுடையதைத் திறந்தால் நாற்பது கடிதம். எனக்கு! பெயர் போட்டு! ஒரு கம்பெனி எனக்குக் கடன் தயாராக இருக்கிறது என்றது. ஒரு அம்மா வெளிநாட்டிலிருந்து எழுதியிருந்தாள், புருஷன் செத்துப்போனானாம், சொத்தைப் பார்த்துக்கொள்ள நல்ல மனுஷன் வேண்டுமாம். மனசு கேட்கவில்லை. ஆறுதலாக நாலு வார்த்தை எழுதிப் போட்டேன். ஆதித்யன் தலையில் அடித்துக்கொண்டான்.

பிறகு நம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் எட்வின் தம்பி வந்து எனக்கு விளக்கினான். கடைக்கு வருகிற கடிதம், நமக்குள் எழுதிக்கொள்கிற கடிதம் எல்லாம் ஒரு சல்லடை வழியாகத்தான் போகுமாம். அந்தச் சல்லடைக்கு ஒரு விதிக்கோப்பு. அதில் ஒரு விதிக்கு ஒரு வரி. எந்தச் சொல்லைத் தேட வேண்டும், இருந்தால் எத்தனை மார்க், அவ்வளவுதான். 'லாட்டரி' இருந்தால் மூன்று மார்க். 'உடனே அழுத்தவும்' இருந்தால் இரண்டு. கூட்டி அஞ்சு வந்துவிட்டால் கடிதம் நேராகக் குப்பைப் பெட்டிக்கு. அனுப்பினவனுக்கும் தெரியாது, வாங்க வேண்டியவனுக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்கினால் மேலே போவான், இங்கே மார்க் வாங்கினால் குப்பை. சல்லடைக்குத் தப்பி வருகிற புதுக் குப்பையைத் தினமும் படித்து, அதற்கு வரி எழுதுகிற வேலையை இப்போது எனக்கே கொடுத்துவிட்டார்கள். ஆதித்யனுக்கும் நிம்மதி, எனக்கும் வாசிக்க ஏதோ கிடைக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா வீட்டுக்காரர், நம் மகாதேவன் அண்ணாச்சி, செம்பூரிலிருந்து வந்திருந்தார். நான் சிலேட்டும் கையுமாக இருந்ததைப் பார்த்தார். "இந்த வயசுல என்னத்துக்குவே அ-னா ஆவன்னா? எமன் வந்து கையெழுத்து கேட்டா போடதுக்கா?" என்றார். சிரிக்கட்டும்.

பதில் எழுது. எனக்கே எனக்கு.

இப்படிக்கு
அய்யாத்துரை (யாரும் சொல்லித் தராமல் எழுதிய கையெழுத்து)


ஜாம்ஷெட்பூர்
19 ஜூன் 2024

ஆதித்யன் அப்பாவுக்கு இசக்கி எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம். குட்டிகள் இரண்டும் முறை வைத்து அழுகின்றன. பிரபாவுக்குப் பூண்டு கொடுக்கிறேன். உங்கள் முட்டுக்கு அலமாரியில் பச்சைக் குப்பியில் தைலம் இருக்கிறது, தேய்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை அடுக்களையில் நின்று வாசித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. பிரபா வந்து அணைத்தாள்.

நான் அஞ்சாம் வகுப்பு படித்தவள். கல்யாணம் ஆன புதிதிலிருந்து சிலேட்டை நீட்டினேன். "எனக்கு எதுக்குட்டி, அதான் நீ இருக்கியே" என்று சொல்லித் தள்ளிவிட்டீர்கள். இப்போது டீச்சர் கையைப் பிடித்ததும் 'ஞ' வந்துவிட்டது. சந்தோஷம்.

செம்பூர் அத்தானும் எழுதுகிறார். ஒரு வாரம் மகள் ராஜலக்ஷ்மி போனிலிருந்து, ஒரு வாரம் பேரன் போனிலிருந்து. பிரபா சத்தமாக வாசிப்பாள், வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். மாப்பிள்ளைகூட வேலைக்குக் கிளம்பும்போது, இன்றைக்கு உங்கள் அத்தான் கடிதம் வந்ததா என்று கேட்டுவிட்டுப் போகிறார். என்ன இருந்தாலும் எழுதிப் பழகின கை.

ராத்திரிச் சர்க்கரை மாத்திரையை விடாதீர்கள். மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் போனால் ஜாங்கிரிக் கடைக்கு எதிர்ச் சாரியில் நடங்கள்.

அடிக்கடி எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இசக்கி


தாராவி
2 ஜூலை 2024
பொருள்: ஒரு சந்தேகம், பொதுவாக

எட்வின் தம்பிக்கு,

அய்யாத்துரை எழுதுவது. நலம். விக்ரோலியில் உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதே, இப்போது பார்வை தெளிவா?

விதிக்கோப்பில் ஒரு சந்தேகம். பொதுவாகத்தான் கேட்கிறேன். ஒரு ஆள் இருக்கிறான். நன்றாகப் படித்தவன். டிராம்பேயில் டைம் கீப்பராக இருந்து ரிட்டையர் ஆனவன். அவன் ஒரு குடும்பத்துப் பெண்ணுக்கு வாரம் தவறாமல் கடிதம் எழுதி, வேடிக்கை காட்டி, அவள் வேலையைக் கெடுக்கிறான். அடுப்பில் பால் பொங்குகிறது. விலாசத்தை வைத்து அவனைத் தடுக்க முடியாது. ஒரு நாள் மகள் போன், ஒரு நாள் பேரன் போன். ராஜலக்ஷ்மி நல்ல பிள்ளை, அவள் கடிதம் எனக்கும் வேண்டும்.

ஆனால் அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை எழுதினாலும் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுவான். சங்கத்து நோட்டீசில் போடுவான், கோயில் வரி ரசீதில் போடுவான், யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலும் ஒரு மூலையில் போட்டுவிடுவான். அப்படியானால் கடிதத்தின் உள்ளே அந்தப் பெயரைத் தேடி அஞ்சு மார்க் போட்டால் போதுமா? அந்த வரியை எப்படி எழுத வேண்டும்?

ஆள் யார் என்று கேட்காதே. ஆதித்யனிடம் சொல்லாதே.

இப்படிக்கு
அய்யாத்துரை


விக்ரோலி
4 ஜூலை 2024
பதில்: ஒரு சந்தேகம், பொதுவாக

மதிப்புக்குரிய முதலாளி ஐயாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். அம்மா இப்போது ஊசியில் தானே நூல் கோக்கிறார். உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

நீங்கள் கேட்டபடி செய்யலாம். முதலில் விதிக்கு ஒரு பெயர் வையுங்கள். அடுத்து, கடிதத்தின் உட்பகுதியில் தேட வேண்டும் என்று குறித்து, தேட வேண்டிய சொல்லை இரண்டு சாய்கோட்டுக்கு நடுவில் எழுதுங்கள். கீழ் வரியில் அதே விதிப் பெயரைத் திரும்ப எழுதி மார்க்கைப் போடுங்கள். சேமித்த பிறகு சல்லடையை ஒருமுறை நிறுத்தி மறுபடி ஓட விடுங்கள். இல்லாவிட்டால் புது வரியை அது படிக்காது.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும் ஐயா. சல்லடைக்கு ஆள் தெரியாது. சொல் இருக்கிறதா இல்லையா என்பதுதான் தெரியும். ஒரே சொல்லுக்கு முழு அஞ்சு மார்க் நான் போடுவதில்லை. இரண்டு போட்டுப் பாருங்கள்.

குப்பைப் பெட்டியைத் தீபாவளி ஆர்டர் தொடங்கும் முன் நான் வந்து கூட்டிவிடுகிறேன். நடுவில் அதைத் திறக்க வேண்டியதில்லை.

ஆள் யார் என்று நான் கேட்கவில்லை.

பணிவுடன்
எட்வின்


தாராவி
20 ஜூலை 2024
பொருள்: மழை

அன்புள்ள இசக்கிக்கு,

நான் சுகம். நீ சுகமா, பிள்ளைகள் சுகமா? இங்கே நல்ல மழை. அறுபதடி ரோட்டில் முழங்கால் தண்ணீர். தைலம் தேய்க்கிறேன்.

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். 'எழுதிப் பழகின கை' என்ற இடம் வந்ததும் நின்றுவிடுவேன். மகாதேவனுக்குக் கை பழகியதே என் கடிதங்களை எழுதித்தான். ஆதித்யன் பிறக்கிறதற்கு நீ ஊருக்குப் போனபோது, ராத்திரி ஷிப்ட் விட்டு வந்து நான் அவன் ஒற்றை அறைக் கோலியில் போய் உட்காருவேன். நான் சொல்லச் சொல்ல அவன் எழுதுவான். நான் குழாயில் தண்ணி வருகிறது என்பேன். மகாதேவன் தாராவியில் நிலா வருகிறது என்று எழுதுவான். தாராவியில் எந்தச் சந்தில் நிலா வந்தது? எழுதி முடித்து வாசித்துக் காட்டும்போது எனக்கே கூச்சமாக இருக்கும், வேறு எவனோ என் பெண்டாட்டியிடம் பேசுகிற மாதிரி. நீ பிள்ளையோடு திரும்பி வந்ததும் அந்த நிலாவைப் பற்றித்தான் கேட்டாய். நான் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்ய?

வியாழக்கிழமை மகாதேவன் மறுபடி வந்தான். நான் காபி போடத் திரும்பின நேரம், என் மாத்திரை டப்பாவைத் திறந்து உள்ளே பார்க்கிறான். படித்தவன் செய்கிற வேலையா இது? மார்க்கெட்டுக்குப் போனால் பின்னாலேயே வருகிறான். மகாதேவனுக்கு ரிட்டையர் ஆன பிறகு வேலை இல்லை, அதுதான் விஷயம்.

அவன் கடிதம் இனிமேல் குறைந்துவிடும் என்று நினைக்கிறேன். ஏன் என்று கேட்காதே. எல்லோருக்கும் ஒரு நேரம் வரும்.

நானும் சிரிக்கிற மாதிரி எழுதக் கற்றுக்கொள்வேன். டீச்சர் என் கடிதத்தைப் பார்த்துவிட்டு, நடை நன்றாக இருக்கிறது என்றார்கள்.

இப்படிக்கு
அய்யாத்துரை


ஜாம்ஷெட்பூர்
25 ஆகஸ்ட் 2024

ஆதித்யன் அப்பாவுக்கு இசக்கி எழுதிக்கொள்வது.

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே குட்டிகளுக்குச் சளி. இரண்டு நாள் தோளில் போட்டுக்கொண்டே நடந்தேன். இன்றைக்குப் பரவாயில்லை.

ஜூனில் ஒரு கடிதம் எழுதினீர்கள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வேலை இருக்கும். பிரபா போன வாரம் தம்பியிடம் கேட்டாளாம். "அப்பா தெனமும் காலைல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து டொக்கு டொக்குனு எழுதிக்கிட்டேதான் இருக்காரு" என்றானாம். யாருக்கு எழுதுகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். பெற்ற பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது?

ஒரு விஷயம். பிரபாவின் லீவு முடிகிறது. மார்ச் வரைக்கும் என்னை இருந்துவிடச் சொல்கிறாள். தீபாவளிக்கு முன்னால் நான் திரும்புவதற்கு மாப்பிள்ளை போட்ட டிக்கெட் இருக்கிறது. நீங்கள் வா என்றால் வருகிறேன், இரு என்றால் இருக்கிறேன். ஆனால் அதை ஆதித்யன் வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள். எழுதத் தெரிந்துவிட்டதே, நீங்களே எழுதுங்கள். வீடியோவில் கையை ஆட்டினால் எனக்கு வா என்றும் தெரியவில்லை, போ என்றும் தெரியவில்லை.

செம்பூர் அத்தான் வாரம் தவறாமல் எழுதுகிறார். அவராவது எழுதுகிறாரே.

மாத்திரை தீர்ந்துவிட்டால் உடனே வாங்குங்கள். பட்டையில் கடைசி இரண்டுதான் இருக்கும்.

இசக்கி


தாராவி
1 செப்டம்பர் 2024
பொருள்: நான் எழுதவில்லையா?

இசக்கிக்கு,

சுகம். குட்டிகளுக்குச் சளி விட்டதா? கற்பூரவள்ளி கிடைத்தால் சாறு கொடு.

நான் எழுதவில்லை என்கிறாய். ஜூலையில் எழுதினேன். ஆகஸ்டில் மூன்று எழுதினேன். என் பெட்டியில் எல்லாம் போய்விட்டது என்று காட்டுகிறது. நீ வாசித்துவிட்டு வரவில்லை என்கிறாய். எனக்குப் புரிகிறது. மகாதேவனைப் பற்றி எழுதினால் உனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதானே?

அவன் கடிதம் வாரம் தவறாமல் வருகிறது என்று வேறு எழுதியிருக்கிறாய். அது எப்படி வரும்? வரவே முடியாது. நான் போய்ச் சரிபார்த்தேன். அஞ்சைப் பத்து ஆக்கிவிட்டு, நிறுத்தி ஓட விட்டேன். எதை என்று உனக்குத் தெரிய வேண்டாம். மகாதேவன் எங்கே போனாலும் கதவு திறந்துகொள்கிறது. ரேஷன் ஆபீசில் திறந்தது, வார்டு ஆபீசில் திறந்தது, இப்போது இங்கேயும். நான் எழுதக் கற்றுக்கொண்டும் மகாதேவன்தான் முன்னால் நிற்கிறான்.

என் பட்டையில் இரண்டு மாத்திரை இருப்பது ஜாம்ஷெட்பூரில் இருக்கிற உனக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். ஊகமாக இருக்கும்.

நான் எழுத வேண்டும் என்று கேட்டாய். எழுதுகிறேன். வா. மார்ச் வரைக்கும் வேண்டாம். தீபாவளிக்கு முன்னால் வா. மகாதேவன் கடிதத்தில் கூப்பிட்டான் என்று வராதே, நான் கூப்பிட்டேன் என்று வா.

அய்யாத்துரை


ஜாம்ஷெட்பூர்
14 அக்டோபர் 2024

ஆதித்யன் அப்பாவுக்கு,

எல்லோரும் நலம். உங்கள் நலமும் அவ்வப்போது தெரிந்துகொள்கிறேன்.

நான் கேட்டு ஒன்றரை மாதம் ஆகிறது. எழுதாமல் இருப்பதும் ஒரு பதில்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளைக்கு லீவு. அன்றைக்கு டிக்கெட்டை ரத்து செய்துவிடச் சொல்லியிருக்கிறேன். பிரபாவுக்கு ஒரே சந்தோஷம்.

தீபாவளிக்கு உங்களுக்குக் கதர் சட்டை எடுக்க ஆதித்யனிடம் சொல்லியிருக்கிறேன். டீச்சருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இசக்கி


விக்ரோலி
18 அக்டோபர் 2024
பொருள்: அவசரம், உடனே வாசிக்கவும்

மதிப்புக்குரிய முதலாளி ஐயாவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன்.

தீபாவளி ஆர்டருக்கு முன்னால் குப்பைப் பெட்டியைக் கூட்ட இன்று வீட்டிலிருந்தபடியே உள்ளே நுழைந்தேன். கடன்காரர்களும் லாட்டரிக்காரர்களும் எப்போதும்போல. அவர்களுக்கு நடுவில் ஒரே விலாசத்திலிருந்து முதலாளி அம்மாவுக்குப் போக வேண்டிய கடிதங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. விலாசம் உங்களுடையது. கடைசிக் கடிதம் நேற்று விழுந்தது. எல்லாமே சிக்கியிருப்பது ஒரே விதியில். அதற்கு நீங்கள் 'சகலை' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

அந்த விதி இந்த மூன்றரை மாதத்தில் உங்களைத் தவிர யாரையும் பிடிக்கவில்லை ஐயா. நீங்கள் பொதுவாகச் சொன்ன அந்த ஆள் எழுதிய ஒன்றுகூட இங்கே இல்லை. அம்மாவின் பெட்டியை நான் திறக்க மாட்டேன், ஆனால் ஊகிக்க முடிகிறது. வெளியாருக்கு எழுதினால்தான் பெயர் போடுவோம். என் அம்மா மாமாவுக்கு எழுதினால் 'அக்கா' என்றுதான் முடிப்பார். உங்கள் சகலையும் 'அத்தான்' என்றுதான் முடித்திருப்பார். முதலாளி அம்மாவும் அவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார், கையாலும் எழுத மாட்டார். இந்தக் குடும்பத்தில் கடிதத்துக்குக் கடிதம் அந்தப் பெயரை எழுதுகிறவர் நீங்கள் ஒருவர்தான்.

நான் ஒரு கடிதத்தையும் திறக்கவில்லை. அனுப்பியவர் விலாசத்தையும் சிக்கிய விதியையும் மட்டும் பார்த்தேன். இப்போது இரண்டு வழி. அழித்துவிடலாம், யாருக்கும் தெரியாது. அல்லது விடுவிக்கலாம், எல்லாம் ஒன்றாக அம்மாவுக்குப் போய்ச் சேரும். நீங்கள் சொல்லும் வரை தொட மாட்டேன்.

பணிவுடன்
எட்வின்


தாராவி
19 அக்டோபர் 2024
பதில்: அவசரம், உடனே வாசிக்கவும்

எட்வின் தம்பிக்கு,

அய்யாத்துரை எழுதுவது. சுகம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனாலும் சுகம்.

அழித்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அவள் ஒன்றையும் பார்க்க வேண்டாம், புதிதாக ஒரு நல்ல கடிதம் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அதற்கு முன்னால் ஒருமுறை வாசித்துவிடுவோம் என்று முதலிலிருந்து திறந்தேன்.

தம்பி, வெட்கமாகத்தான் இருக்கிறது. வயிற்றெரிச்சல் பிடித்த கிழவன் ஒருவன் வரிக்கு வரி முனகுகிறான். நான் பக்கத்தில் இருந்தால் அவனை எழுந்து போகச் சொல்லியிருப்பேன். ஆனால் ஜூலைக் கடிதத்தில் ஒரு பிழை இல்லை. மழையைப் பற்றி இரண்டு வரி, நான்தான் எழுதினேனா என்று எனக்கே சந்தேகம். ஆகஸ்டில் ஒன்றில், அவள் வைத்த செம்பருத்தி பூத்ததை எழுதியிருக்கிறேன். என் ஆயுசில் நான் எழுதியது இவ்வளவுதான். கடன்காரனோடும் லாட்டரிக்காரனோடும் சேர்த்து இதைக் கூட்டித் தள்ள எனக்கு மனசு வரவில்லை.

எல்லாவற்றையும் விடுவித்துவிடு. அவள் திட்டட்டும். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, அதற்குள் போய்ச் சேர வேண்டும். இன்றே செய்.

'சகலை' விதியையும் எடுத்துவிடு. அல்லது அழிக்க வேண்டாம், நீ சொன்னாயே, வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டால் அது தூங்கிவிடும் என்று. அப்படிச் செய். தூங்கட்டும்.

அய்யாத்துரை


ஜாம்ஷெட்பூர்
20 அக்டோபர் 2024

ஆதித்யன் அப்பாவுக்கு இசக்கி எழுதிக்கொள்வது.

நலம். நேற்றுச் சாயங்காலம் உங்கள் கடிதங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. பிரபா எப்போதும்போலச் சத்தமாக வாசிக்க உட்கார்ந்தாள். நான் போனைப் பிடுங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். இருட்டி வெகுநேரம் கழித்துத்தான் இறங்கினேன். எட்வின் தம்பியும் நடந்ததை எழுதியிருந்தார். உங்களை விட்டுக்கொடுக்காமல்தான் எழுதியிருந்தார்.

ஒன்று சொல்லட்டுமா? உங்கள் கடிதம் முழுக்க அத்தான். அத்தான் கடிதம் முழுக்க நீங்கள்.

நான்தான் அவரிடம் கேட்டுக்கொண்டேன். ரயில் ஏறும்போது சொல்லிவிட்டு வந்தேன். உங்களிடம் கேட்டால் மாத்திரை போட்டேன் என்றுதான் சொல்வீர்கள். அதனால் டப்பாவைத் திறந்து பாருங்கள் அத்தான், மார்க்கெட்டுக்குப் போனால் பின்னால் போங்கள் அத்தான் என்று. நாங்கள் சிரித்தது எதற்குத் தெரியுமா? "உன் வீட்டுக்காரரு ஜாங்கிரிக் கடை வாசல்ல நிக்காரு. உள்ளயும் போவல, வீட்டுக்கும் போவல. நான் ஆட்டோ ஸ்டாண்டுல ஒளிஞ்சு நிக்கேன். யாரு மொதல்ல அசையுதோ பாப்போம்." இதுதான் அவர் எழுதுகிற புத்தகம். ஆகஸ்டில் ஒரு கடிதத்தில் மட்டும் வேடிக்கை இல்லை. "அய்யாத்துரை நல்லா எழுதப் படிச்சிட்டான். இனி எங்கிட்ட யாரு வருவா" என்று எழுதியிருந்தார். அதைப் பிரபா சத்தமாக வாசிக்கவில்லை.

அந்தக் காலத்துக் கடிதங்களில் எது உங்கள் வார்த்தை, எது அத்தான் வார்த்தை என்று எனக்குத் தெரியாதா? நிலா அவருடையது. எல்லாக் கடிதத்திலும் கடைசியில் ஒரு வரி இருக்கும். 'குழாயில் தண்ணி நாலு மணிக்கே வருது, நீ இல்லாமல் குடம் சீக்கிரம் ரொம்ப மாட்டேங்குது.' அதை மட்டும் எத்தனை முறை வாசித்திருப்பேன். தாராவிக்குத் திரும்பி வந்ததும் நிலாவைப் பற்றிக் கேட்டது உங்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க. அது அன்றைக்கும் நன்றாகத்தான் போனது.

ஜூலையில் ஒன்று, ஆகஸ்டில் இரண்டு, போன வாரம் ஒன்று. இத்தனை கடிதத்தில் டீச்சர் வருகிறார்கள். நடை நன்றாக இருக்கிறது என்றார்களாம். எட்வின் தம்பிக்கு நான் தனியாக எழுதிவிட்டேன். நாளையிலிருந்து 'டீச்சர்' என்ற சொல்லுக்கு அஞ்சு மார்க். முதலில் இரண்டு போடலாம் அம்மா என்றார். அஞ்சேதான் என்று சொல்லிவிட்டேன். இனிமேல் பார்த்து எழுதுங்கள்.

மாப்பிள்ளை காலையில் டிக்கெட்டை ரத்து செய்ய உட்கார்ந்தார். புதன்கிழமை வரைக்கும் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். செப்டம்பர் கடிதத்தில் வா என்று இருக்கிறது, பார்த்தேன். ஆனால் அதற்கு முன்னாலும் பின்னாலும் அத்தான் நிற்கிறார். எனக்கு யாரும் நிற்காத ஒரு கடிதம் வேண்டும். அது வந்தால் ரயில் ஏறுகிறேன்.

இசக்கி


தாராவி
22 அக்டோபர் 2024
பொருள்: தண்ணி

அன்புள்ள இசக்கிக்கு,

நான் சுகம். நீயும் குட்டிகளும் சுகமா?

குழாயில் தண்ணி இப்போதும் நாலு மணிக்கே வருகிறது. ஆதித்யன் மோட்டார் வைத்துவிட்டான், குடம் சீக்கிரம் ரொம்பிவிடுகிறது. ஆனாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். செம்பருத்தி நேற்று மூன்று பூத்தது. ராத்திரி மாத்திரை போட்டேன்.

இந்தக் கடிதத்துக்கு நேற்றும் இன்றும் இரண்டு காலை ஆகிவிட்டது. எழுதியதைவிட அழித்ததுதான் அதிகம்.

வா.

உன் ரயில் வந்து நிற்கிற குர்லா டெர்மினஸ் யார் வீட்டுக்குப் பக்கம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கூப்பிட நான்தான் வருவேன். நான் மட்டும்.

உன் வீட்டுக்காரன்